இரு கோடுகளில் ஒரு முகம்

முகம் என்னும் சொல்லைத் தமிழ் எத்தனை இடங்களில் வைத்துப் போற்றுகிறது! வீட்டுக்கு முகப்பு, நூலுக்கு முகவுரை, மடலுக்கு முகவரி, விருந்தினர்க்கு முகமன். முகங்கொடுத்துப் பேசாதவரை உறவினர் என்று எண்ண நமக்கு மனம் வருவதில்லை. ஒருவர் இறந்துவிட்டால், அடக்கத்துக்கு முன் பெட்டியை மூடும் வேளையில், கடைசியாக முகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றே உற்றாரை அழைக்கிறோம். முகமே ஆள் என்பது நம் எண்ணம். இவ்வெண்ணத்தில் ஊறிய நமக்கு, கண்ணும் மூக்கும் வாயும் தத்தம் இடத்தில் இல்லாத உருவப்படம் ஒரு மனிதருக்குச் செய்த அவமதிப்பாகவே தோன்றிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஓவியர்கள் முகத்தை முக்கோணமாகவும் சதுரமாகவும் வெறுங்கோடாகவும் ஆக்கியதைப் பற்றி நண்பர் நடுவில் நாம் ஏளனமாகப் பேசியதுண்டு. அந்த ஏளனம் எவ்வாறு தணிந்தது என்பதையும், அது தணிந்தபோது நம் வீட்டில் நாம் செய்த பிழையொன்று எவ்வாறு கண்முன் வந்து நின்றது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் பயின்று திரும்பிய குருவானவர் ஒருவர் எம் கையில் தடித்த ஓவிய நூல் ஒன்றைத் தந்தார். எம் அன்னை இறந்து அப்போது ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. நூலை வாங்கியதும், வழக்கம்போல் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் பிரித்தோம். பக்கத்துக்குப் பக்கம் சின்னஞ்சிறு படங்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரு தடித்த கருங்கோடு. அதைக் குறுக்கே வெட்டும் வேறொரு கோடு. கீழே குறுகிய கோடுகள் ஒன்றிரண்டு. இடையிடையே நீலமும் செம்மையும் பழுப்பும். 'தியானம்' என்ற ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. இவை யாவும் மனித முகங்கள் என்று குருவானவர் சொன்னபோது நாம் சிரித்துவிட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து வாருங்கள், அவசரப்படாமல் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வாறே முதலிலிருந்து தொடங்கினோம். நூலின் தலைவர் அலெக்சி வான் யாவ்லென்ஸ்கி. 1864-ஆம் ஆண்டு ருஷ்யாவில் தோர்ஷோக் என்னும் ஊரில், படைத்தளபதி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தாமும் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். சிறுவனாயிருந்தபோது போலந்தியரின் கத்தோலிக்க ஆலயம் ஒன்றுக்கு அன்னை அவரை அழைத்துச் சென்றார். அங்கே திரையிட்டு வைத்திருந்த தேவதாயின் படத்தைக் காணக் கூட்டம் காத்திருந்தது. எக்காளம் முழங்கிற்று, திரை விலகிற்று, பொன்னொளியில் ஒரு முகம் தோன்றிற்று. முதுமையில் தம் வாழ்வை நினைவுகூர்ந்தபோதும் அவர் அக்காட்சியை மறக்கவில்லை. ருஷ்ய இல்லங்களில் திருவுருவப் படங்களுக்கென்றே ஒரு மூலை உண்டு. கீழைத் திருச்சபையின் அப்படங்களில் மூக்கு நீண்ட ஒற்றைக் கோடு, புருவங்கள் இரு வளைவுகள், வாய் சிறியது. உடலின் அழகைக் காட்டுவதன்று அவற்றின் நோக்கம். பார்ப்பவரைச் செபத்தில் நிறுத்துவதே நோக்கம். இவற்றைப் பார்த்து வளர்ந்த கண்ணோடுதான் அவர் ஓவியக் கல்விக்குள் நுழைந்தார்.

பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் பயின்றபின், 1896-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் குடியேறினார். காண்டின்ஸ்கி முதலியோரோடு முர்னாவ் என்னும் சிற்றூரில் தங்கி வரைந்தார். அக்காலத்து முகங்களில் ஆள் அடையாளம் தெளிவாக இருக்கிறது. நாட்டியக் கலைஞர் அலெக்சாந்தர் சக்காரோவை அவர் 1909-இல் வரைந்த படம் இன்று மியூனிக்கின் லென்பாக் இல்லத்தில் இருக்கிறது. அரங்கேறுமுன் ஒப்பனையோடும் சிவப்பு ஆடையோடும் வந்து அமர்ந்தவரை அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் வரைந்து முடித்தார் என்பர். வண்ணம் உலருமுன்னரே சக்காரோவ் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டாராம். வெள்ளை பூசிய முகம், மை தீட்டிய விழிகள், எதையோ அறிந்து மறைக்கும் புன்னகை. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இவ்வளவு உயிரோட்டமாக ஒரு முகத்தைப் பிடிக்கத் தெரிந்தவர், தெரியாமையால் கோடு இழுத்தார் என்று இனிச் சொல்வதற்கில்லை. எம் ஏளனத்தின் முதல் கால் அங்கே முறிந்தது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ருஷ்யக் குடிமகன் என்பதால் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள சான் ப்ரே என்னும் சிற்றூரில் அடைக்கலம் புகுந்தார். தமக்கெனக் கிடைத்தது சிறியதோர் அறை. அதற்கு ஒரு சன்னல். முன்புபோல் உரத்த வண்ணங்களில் வரைய உள்ளம் இடம் கொடுக்கவில்லை. சன்னல் வழியே தெரிந்த பாதையையும் மரங்களையும் வரையத் தொடங்கினார். அதே பாதை, அதே மரங்கள், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில். மரம் ஒரு முட்டை வடிவமாயிற்று; பாதை ஒரு வண்ணப் பட்டையாயிற்று. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் விவரங்கள் உதிர்ந்து, உதிராதது எதுவோ அது எஞ்சும் என்பதை அந்தச் சன்னல் அவருக்குக் கற்பித்தது.

1917 அளவில் மீண்டும் முகத்துக்குத் திரும்பினார். அடுத்த பதினேழு ஆண்டுகளாக 'அருவ முகங்கள்' எனப்படும் வரிசை வளர்ந்தது. அவற்றின் அமைப்பைச் சொன்னால் வாசகர் எளிதில் மனத்தில் வரைந்துகொள்ளலாம். கன்னமும் தாடையும் சேர்ந்து ஒரு வளைவு, நம் எழுத்தான 'ப'வின் அடிக்கோட்டைச் சற்றே வளைத்ததுபோல். நெற்றியிலிருந்து நேராக இறங்கி, கீழே செங்கோணமாய்த் திரும்பும் கோடு மூக்கு. மூடிய இமைகள் படுக்கைக் கோடுகள். வாய் இன்னும் குறுகிய கோடு. பக்கத்தில் ஒரு சுருள், அது கூந்தல். புருவ நடுவில் பல படங்களில் ஒரு சிறு வட்டம். கோலும் வட்டமானியும் கொண்டு அளந்தாற்போன்ற ஒழுங்கு; ஆனால் அருகில் நோக்கினால் தூரிகையின் நடுக்கம் தெரிகிறது. கண்கள் மூடியதால் முகம் நம்மைப் பார்ப்பதில்லை; நாம்தான் அதன் முன் அமைதியாக நிற்கவேண்டியிருக்கிறது.

வடிவியலை முகத்துக்குள் கொண்டுவந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். பிக்காசோ 1910-இல் வரைந்த கான்வைலர் என்னும் ஓவிய வணிகரின் உருவப்படம் இன்று சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் முகமும் மார்பும் சாம்பலும் பழுப்புமான பல தகடுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. தேடினால் கோர்த்த கைகள் தென்படும். தலைமயிரின் அலை தென்படும். ஒரே நேரத்தில் பல பக்கங்களிலிருந்து ஒருவரைப் பார்க்க விரும்பிய அறிவின் வேலை அது. பிக்காசோ முகத்தைப் பிரித்து அடுக்கினார். யாவ்லென்ஸ்கி பிரிக்கவில்லை, களைந்தார். முன்னதில் விவரங்கள் பெருகின, பின்னதில் குறைந்தன. இரண்டையும் ஒரே கூடையிலிட்டு நகைத்தது எம் பேதைமை.

இனி அந்தக் கடைசிப் பக்கங்கள். 1921 முதல் யாவ்லென்ஸ்கி ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் வாழ்ந்தார். 1920-களின் இறுதியில் அவரை முடக்குவாதம் பற்றிக்கொண்டது. மூட்டுகள் இறுகின, விரல்கள் மடங்காமல் போயின, முழங்கை நீள மறுத்தது. இதற்கிடையே, 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் அவர் படங்களைக் காட்சிக்கு வைக்கத் தடை விதித்தனர். 1937-இல் ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 72 படைப்புகள் பறிமுதலாயின. அவற்றுட் சிலவற்றை, 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு, அவர் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த அதே மியூனிக் நகரில் மக்கள் எள்ளி நகையாட வைத்தனர். அந்த இருளான ஆண்டுகளில், 1934 முதல் 1937 வரை, அவர் வரைந்தவையே 'தியானங்கள்'. எண்ணிக்கையில் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை ஏறத்தாழ 18 செ.மீ. உயரமும் 13 செ.மீ. அகலமுமே கொண்டவை, நம் செபப்புத்தகத்தின் அளவு.

விரல்கள் இயங்காதவர் வளைவான இமையை எங்ஙனம் வரைவார்? ஒரு கையால் தூரிகையைப் பிடிக்க இயலாமல், இரு கைகளாலும் பற்றி, தோளின் வலிமையால் இழுத்தார். அப்படி இழுக்கும்போது கோடு நேராகத்தான் வரும். மேலிருந்து கீழாக ஒன்று, இடமிருந்து வலமாக ஒன்று. சுருள் மறைந்தது. தாடையின் வளைவு மறைந்தது. முகம் தாளின் ஓரங்களையும் தாண்டிப் பெருகி, புருவமும் மூக்கும் வாயும் மட்டும் நின்றன. அவை நின்ற நிலையோ சிலுவை. குறுக்குச் சட்டங்கள் பல கொண்ட கீழைத் திருச்சபைச் சிலுவை. கருங்கோடுகளின் இடைவெளியில் வண்ணங்கள், ஆலயத்தின் கண்ணாடிச் சன்னலில் மாலை வெயில் படுவதுபோல் உள்ளிருந்து ஒளிர்ந்தன. 1934-இல் வரைந்த சிறுபடம் ஒன்றுக்கு, நோயுற்ற தம் கைகளின் நினைவு என்று பொருள்படும் பெயரை அவரே இட்டார்.

இப்பெயரைப் படித்த இடத்தில் நூலை மூடிவிட்டோம். எம் அன்னையின் கைகள் நினைவுக்கு வந்தன.

அன்னைக்கும் அதே நோய். பத்தாண்டுகளாக விரல்கள் ஒவ்வொன்றாய்க் கோணி இறுகின. பூத்தொடுப்பது முதலில் நின்றது, பிறகு சோறு பிசைவது, பிறகு செபமாலை. மணியை நகர்த்தும் பெருவிரல் நகரவில்லை. கடைசி ஈராண்டுகள் படுக்கையே. மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவருவார். அவர் செபத்தைத் தொடங்கும்போது அன்னையின் வலக்கை போர்வையை விட்டு ஒரு சாண் உயரும், நெற்றியை எட்டாது. மார்பின் மேலேயே காற்றில் ஒருமுறை கீழே இறங்கும், பிறகு இடமிருந்து வலமாகச் சற்றே அசையும், விழுந்துவிடும். அவ்வளவுதான். நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று எமக்குச் சிறுவயதில் கைபிடித்துக் கற்பித்தவர் அவர். எம் தங்கை நெற்றியைத் தொடாமல் அவசரமாகச் சிலுவை போட்டால், ஈ ஓட்டுகிறாயா என்று கேட்டுத் திருத்தியவரும் அவரே.

ஒரு முதல் வெள்ளியன்று நாம் அவருடைய கையைப் பற்றி, நெற்றிக்குக் கொண்டுபோய், முறைப்படி சிலுவை அடையாளம் வரையச் செய்தோம். நன்மை செய்வதாகவே எண்ணம். அன்னையின் முகம் வலியால் சுருங்கிற்று. "கையை விடு, ஐயா" என்றார். நாம் விடவில்லை, தோள்வரை முடித்தே விட்டோம். பங்குத்தந்தை சென்றபின், ஊரிலிருந்து வந்திருந்த சித்தியிடம், அன்னையின் காதுபடவே, "அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது. சிலுவை போடக்கூட மறந்துவிட்டார்கள்" என்று சொன்னோம். அன்னை எம்மைப் பார்த்தார். மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முதல் வெள்ளியில் அவருடைய கை போர்வைக்குள்ளேயே இருந்தது. அதற்கு அடுத்த மாதம் அவர் இல்லை.

அவருக்கு நினைவு தப்பவில்லை என்பதை, உருசியர் ஒருவரின் படங்களைப் பார்த்துத்தான் நாம் அறியவேண்டியிருந்தது. மேலிருந்து கீழாக ஒன்று, இடமிருந்து வலமாக ஒன்று. கை இயன்ற அளவில் அடையாளம் முழுமையாகவே இருந்தது. குறைந்தது விவரம் மட்டும். அந்தக் குறைவையே நாம் கண்டோம். அதைக் கொண்டே அவர் உள்ளத்தையும் அளந்தோம். தியானப் படங்களைக் கண்டு சிரித்த சிரிப்பும், சித்தியிடம் சொன்ன சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.

நூலை மறுபடி திறக்கச் சில நாள்கள் ஆயின. இறுதி இயலில், 1938-இல் யாவ்லென்ஸ்கி எழுதிய மடல் ஒன்றைப் பற்றிய செய்தி இருந்தது. மடலைப் பெற்றவர் யான் வெர்காடே. இவர் 1868-இல் ஹாலந்தில் பிறந்து, பாரிசில் கோகேனின் வட்டத்து இளம் ஓவியராக இருந்து, 1892-இல் கத்தோலிக்கராகி, பின்னர் தென் ஜெர்மனியில் தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள பாய்ரோன் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானவர். வில்லிபிரோர்ட் என்பது துறவறப் பெயர். மியூனிக்கில் முன்னரே யாவ்லென்ஸ்கிக்கு நண்பர். தூரிகையையே தூக்க முடியாத நிலையில் எழுதிய அம்மடலில், தம் முப்பதாண்டுப் பாதையை ஓவியர் அத்துறவிக்கு விளக்கினார். பெருங்கலை சமய உணர்வோடுதான் பிறக்கும் என்றும், அவ்வுணர்வைத் தம்மால் மனித முகத்தில் மட்டுமே வைக்க முடிந்தது என்றும், வரையுமுன் தம்முள் ஆழ்ந்து செபித்ததாகவும், கலை என்பது இறைவன்மேல் கொண்ட ஏக்கமே என்றும் அதில் சொன்னார். நோயினால் இனி வேலை செய்ய இயலாமல் போகும் என்று உணர்ந்தே அச்சிறு படங்களில் வெறிகொண்டவர்போல் உழைத்ததையும் மறைக்கவில்லை.

அம்மடல் பாய்ரோனுக்குச் சென்றது பொருத்தமே. மனித உருவத்தை வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய அளவுகளில் நிறுத்தவேண்டும் என்ற கருத்தை வளர்த்த திருக்கலை மரபு ஒன்று அம்மடத்தில் இருந்தது. அதன் முதல்வர் தெசிதேரியுஸ் லென்ஸ் என்னும் துறவி. 1832-இல் பிறந்து 1928-இல் இறந்தவர். பண்டை எகிப்தியரின் கலையை ஆராய்ந்து, உணர்ச்சிப் பெருக்கில் தத்தளித்த தம் காலத்துத் திருவுருவங்களுக்கு அளவின் அமைதியைத் தர விழைந்தார். பாய்ரோனுக்கு அருகிலுள்ள புனித மவுர் சிற்றாலயம் அவ்வெண்ணத்தின் முதற்கனி. லென்சின் அளவுகோலிலிருந்து யாவ்லென்ஸ்கியின் கோடுகள் பிறந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவர் அளந்தார், மற்றவர் செபித்து இழுத்தார். ஆயினும் கோடும் வட்டமும் இறையன்புக்குப் பகையல்ல என்பதை ஆலயத்துக்கு உள்ளேயே சிலர் முன்கூட்டி அறிந்திருந்தனர் என்பது எம்மைப்போல் பழைமையைக் காட்டிப் புதுமையை ஏசுவோர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

ஒரு வினா எஞ்சுகிறது. அதை மழுப்புவது நேர்மையாகாது. எல்லா முகமும் சிலுவையாகிவிட்டால், இன்னார் முகம் என்பது எங்கே போயிற்று? சக்காரோவின் புன்னகை சக்காரோவுக்கே உரியது. தியானங்களுக்கோ ஆள் பெயர் இல்லை. அவை யாருடைய முகமும் ஆகலாம். ஆகவே, நாம் இழந்த முகத்தை அவை திருப்பித் தருவதில்லை. எம் அன்னையின் இடக்கன்னத்து மச்சமும், சிரிக்கும்போது ஒருபுறம் மட்டும் விழும் சுருக்கமும் எமக்கு வேண்டும். அவற்றை எந்த வடிவியலும் வைத்துக்கொள்ளாது. அதற்குப் புகைப்படமும் நினைவுமே துணை. யாவ்லென்ஸ்கியும் இந்த இழப்பை அறியாதவர் அல்லர். அறிந்தே ஒன்றை விட்டு ஒன்றைத் தேடினார். ஆறாம் நிலையில் வெரோணிக்கம்மாள் துடைத்த துணியில் பதிந்ததாக நாம் நம்பிப் போற்றும் முகமும் தெளிவான உருவப்படமாக இருந்திருக்க முடியாது. வியர்வையும் குருதியும் ஒற்றி எடுத்த தடம் அது. ஆனால் அவளுக்கு அது போதுமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரே முகத்தை ஆயிரம் முறை வரைவது சலிப்பில்லையா என்று அந்தக் குருவானவரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "செபமாலையில் எத்தனை அருள்நிறைந்த மந்திரம்?" என்று திருப்பிக் கேட்டார். நூலை மீண்டும் புரட்டினோம். ஒன்றில் நீலம் ஆழ்ந்திருந்தது. அடுத்ததில் கோடு சற்றே இடப்புறம் சாய்ந்திருந்தது. மற்றொன்றில் வாய் இருந்த இடத்தில் ஒரு செந்நிறத் துளி. சொல் ஒன்றே, சொல்லிய நாள்கள் வேறு.

யாவ்லென்ஸ்கி 1941 மார்ச் 15 அன்று வீஸ்பாடனில் இறந்தார். கடைசி மூன்றாண்டுகள் அவரால் எதையும் வரைய இயலவில்லை. அவர் படங்களை ஏசியவர்களின் ஆட்சி 1945-இல் மண்ணாயிற்று. அந்தச் சிறு தாள்கள் இன்று வீஸ்பாடன் அருங்காட்சியகத்திலும் உலகின் வேறு பல கூடங்களிலும் காக்கப்படுகின்றன.

எம் வீட்டில் அன்னையின் புகைப்படம் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. எமக்கும் அறுபது கடந்துவிட்டது. விடியற்காலையில் வலக்கை விரல்கள் மடங்கச் சற்று நேரம் ஆகிறது. பங்கில் முதியோரைச் சந்திக்கச் செல்லும் குழுவில் இப்போது நாமும் இருக்கிறோம். படுக்கையில் கிடப்போர் செபத்தின்போது கையைத் தூக்கினால், அது எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் விடுகிறது என்று நாம் பார்ப்பதில்லை. கை தானாக இறங்கும்வரை காத்திருக்கிறோம்.